மாதிரி வாய்

சூளகிரி பிர்க்காவைச் சேர்ந்த கிராமங்களில் வசிக்கும் ஜனங்களின் பல் ஈறுகளைக் காப்பாற்றுவது என்று 1957-ம் வருஷம் சர்க்கார் முடிவு செய்தது. அந்த ஈறுகளின் சொந்தக்காரர்கள் யாரும் இதைக் கேட்டிருக்கவில்லை. கேட்காமலே கொடுப்பதுதான் நல்ல சர்க்காருக்கு அடையாளம் என்று வாய்நல விஸ்தரிப்பு அதிகாரி நாராயணப்பன் தம்முடைய முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

நாராயணப்பன் கிருஷ்ணகிரிக்காரர். யாரிடமும் ஓர் இளநீர்கூட வாங்கிக் குடிக்காதவர். மேலிடத்து உத்தரவு வந்தால் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துதான் படிப்பார். சூளகிரியில் புளி மண்டி ஒன்றின் பாதிப் பகுதியை வாடகைக்கு எடுத்து, 'வாய்நலக் கேந்திரம்' என்று பலகை மாட்டினார். மறுபாதியில் புளி மூட்டைகள் அப்படியே இருந்தன. கேந்திரத்துக்குள் நுழைந்த எல்லோருக்கும் வாயில் நீர் ஊறியது. 'உமிழ்நீர்ச் சுரப்பு திருப்திகரம்' என்று அவர் முதல் அறிக்கை அனுப்பினார்.

அடுத்தது ஈறு பாதுகாப்பு வாரம். தண்டோராப் போடும் சம்பங்கி கிராமம் கிராமமாகப் போய், "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னான்னா, வர்ற திங்கக்கெழமை உத்தனப்பள்ளியில ஈறு பாதுகாப்புக் கூட்டம்" என்று அடித்துவிட்டு வந்தார்.

அந்தப் பக்கத்தில் பல் ஈறுக்கு எகிறு என்று பெயர். வீட்டுக்குள் தெலுங்கும் வெளியில் கன்னடமும் பேசுகிறவர்கள் வேறு பெயர் சொல்வார்கள். ஈறு என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் காதில் விழுந்தது பேனின் முட்டையான ஈர்தான். ஆகையால் கூட்டத்துக்குப் பெண்கள் திரளாக வந்தார்கள். பாதிப் பேர் கையில் பேன் சீப்பு இருந்தது.

நாராயணப்பன் ஈறுகளின் மகிமையைப் பற்றி வெகுநேரம் பேசினார். ஈறு கெட்டால் குடும்பம் கெடும், குடும்பம் கெட்டால் தேசம் கெடும் என்றார். கடைசியில் கெம்பம்மா என்ற விவசாயப் பெண் எழுந்தார்.

"ஏஞ்சாமி, பேன ஒழிக்கிறோம்னு சொன்னா அது ஒரு நியாயம். ஈரை என்னாத்துக்குப் பாதுகாக்கணும்?"

"அம்மா, நீங்கள் சொல்வது ஈர். அது இடையின ரகரம். நான் சொல்வது வல்லின றகரம்."

"அந்த வல்லினம் தலையில எந்தப் பக்கம் இருக்கும் சாமி?"

நாராயணப்பன் தம் உதட்டைத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் விஷயம் புரிந்தது. புரிந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. எகிறு எல்லோரிடமும் இருக்கிறது, அதற்குப் போய் ஒரு கூட்டமா என்று பேசிக்கொண்டே போனார்கள்.

போகாமல் நின்றவர் எல்லப்பன் ஒருவர்தான்.

எல்லப்பன் உத்தனப்பள்ளியில் மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து, பல்லைப் பார்த்து, வயது சொல்வார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் மாட்டைப் புகழ்வார். கிழட்டு எருதைப் புகழும்போதுகூட அவர் சிரிக்கிற சிரிப்பில் வாங்குகிறவன் மனம் இளகிவிடும். அப்படி ஒரு பல்வரிசை. வெள்ளை வெளேரென்று, அகலமாக, சந்து இல்லாமல் இருக்கும். தினமும் செங்கல் தூளைப் போட்டு அழுத்தித் தேய்த்துத் தேய்த்து அந்த வெள்ளையை அவர் காப்பாற்றி வந்தார்.

சில மாதங்களாக அப்படித் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. முதலில் தூளின் சிவப்பு என்று நினைத்தார். பிறகு பார்த்தால் சும்மா துப்பினாலும் சிவப்பாக இருந்தது. வெற்றிலையும் புகையிலையும் சேர்ந்த வாயில் அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் ராகிக் களியை மெல்லுவது கிடையாது. உருட்டி, குழம்பில் தோய்த்து, விழுங்கிவிடுவார்கள். அதனால் வாயில் ஒரு கோளாறு வந்தால் தெரியவே நாளாகும். தெரிந்துகொண்டவர் அவர் மனைவி முனிலட்சுமி. தலையணையில் கறை கண்டு, "இது வெத்தல செவப்பு இல்லீங்க. யார்கிட்டயாச்சும் காட்டிட்டு வாங்க" என்று அன்று காலைதான் சொல்லியிருந்தார்.

காட்டுவதற்கு அதிகாரியே ஊர் தேடி வந்திருக்கும்போது எல்லப்பனுக்கு வேறு என்ன வேண்டும்? அவர் கிட்டே போய், "சாமி, எனக்கு எகிறுல..." என்று வாயைத் திறந்தார்.

நாராயணப்பன் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கட்டைவிரலால் எல்லப்பனின் மேலுதட்டைத் தூக்கினார். கீழுதட்டை இறக்கினார். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். எத்தனையோ மாடுகளுக்குத் தாம் செய்த காரியம் தமக்கே நடப்பதைப் பார்த்து எல்லப்பனுக்கு என்னவோ போல் இருந்தது. அடுத்து விலை பேசுவார் என்று எதிர்பார்த்தார்.

"கிடைத்துவிட்டது" என்றார் நாராயணப்பன்.

"என்னா சாமி?"

"மாதிரி வாய். ஒவ்வொரு பிர்க்காவும் ஒரு மாதிரி வாயைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும் என்று உத்தரவு. சென்னையிலிருந்து டைரக்டர் வந்து பார்க்கப் போகிறார். நான் எங்கெல்லாமோ தேடினேன்."

"ரத்தம் வருதுங்க சாமி."

நாராயணப்பன் அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு, பரிவோடு பார்த்தார். "எல்லப்பன், நமது கேந்திரம் தடுப்புக் கேந்திரம். நோய் வராமல் தடுப்பது எங்கள் வேலை. உமக்கு வந்துவிட்டது. வந்துவிட்டதை எப்படித் தடுப்பது? அது சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்தது."

"அங்க போறேங்க சாமி. எங்க இருக்குது?"

"இன்னும் ஆரம்பிக்கவில்லை. நாங்கள் தடுப்பதில் வெற்றி பெற்றுவிட்டால் அதற்கு அவசியம் இராது என்று மேலிடத்தில் கருதுகிறார்கள்."

எல்லப்பன் வீட்டுக்குப் போவதற்குள் வாசல் நிலையில் ஒரு தகரத் தகடு அடித்தாகிவிட்டது. 'மாதிரி வாய், சூளகிரி பிர்க்கா' என்று அதில் எழுதியிருந்தது. முனிலட்சுமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காட்டினீங்களா?"

"காட்டினேன்."

"என்னா சொன்னாரு?"

"ரொம்ப நல்லா இருக்குதுன்னாரு."

அன்றிலிருந்து எல்லப்பனின் வாய் எல்லப்பனுக்கு மட்டும் சொந்தமாக இல்லை. வெற்றிலை கூடாது என்று நாராயணப்பன் சொன்னார். அது நல்ல யோசனைதான் என்று எல்லப்பனும் ஒத்துக்கொண்டார். கொதிக்கிற காப்பி கூடாது, மாடு ஓட்டும்போது சீட்டி அடிக்கக் கூடாது, டைரக்டர் பார்ப்பதற்கு முன்னால் வாயைக் கண்டவர்களுக்குக் காட்டக் கூடாது என்று அடுத்தடுத்து வந்தபோதுதான் சங்கடம் தொடங்கியது. வாயைக் காட்டாமல் தரகு பேசுவது எப்படி? அவர் சந்தைக்குத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். தரகர்கள் விலையைத் துண்டுக்குள் விரல் பிடித்துச் சொல்வது வழக்கம். எல்லப்பன் முகத்தையும் துண்டுக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்து, இது ஏதோ புதுவிதமான பேரம் என்று எண்ணி வியாபாரிகள் ஒதுங்கிப் போனார்கள்.

டைரக்டர் வருவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒத்திகை நடந்தது. கேந்திரத்தில் ஒரு பல் பிரஷ் இருந்தது. தேய்மானம் ஏற்பட்டால் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதால் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். அதை வெளியே எடுத்து, பற்பசை தடவி, எல்லப்பன் கையில் கொடுத்தார் நாராயணப்பன். பள்ளிக்கூட வாத்தியார்களும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லப்பன் பிரஷைக் கண்டது அதுதான் முதல் தடவை. செங்கல் தூளைத் தேய்க்கிற பலத்தோடு தேய்த்தார். வெள்ளையாக ஆரம்பித்த நுரை ரோஜா நிறமாகி, சிவப்பாகி, மோவாயில் வழிந்தது. பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மாலையில் நாராயணப்பன் விசாரணை நடத்தினார்.

"எப்போதெல்லாம் ரத்தம் வருகிறது?"

"தேய்க்கறப்போ வருதுங்க."

"தேய்க்காதபோது?"

"அப்போ அவ்வளவா வர்றதில்லீங்க."

நாராயணப்பன் எழுந்து உலாவினார். புளி மூட்டைகள் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு பிறந்திருந்தது.

"அப்படியானால் விஷயம் ஸ்பஷ்டம். தேய்ப்பதனால்தான் ரத்தம் வருகிறது. ரத்தம் வருவதுதான் ஈறு நோயின் முதல் அடையாளம் என்று என்னுடைய புஸ்தகத்தில் இருக்கிறது. ஆகவே தேய்ப்பதை நிறுத்திவிட்டால் அடையாளம் நின்றுவிடும். அடையாளமே இல்லாத நோயை நோய் என்று யார் சொல்ல முடியும்?"

"அந்தப் பொஸ்தகத்துல தேய்க்கச் சொல்லல்லீங்களா சாமி?"

"சொல்லியிருக்கிறது. தினம் இரண்டு வேளை, மெதுவாக, ஈறோரமாகத் தேய்க்க வேண்டும் என்று. அது பொது ஜனங்களுக்கு. டைரக்டர் வரும் சமயத்துக்கு அல்ல."

மறுநாள் சம்பங்கி மறுபடி தண்டோராப் போட்டார். ஈறு பாதுகாப்பை முன்னிட்டு, டைரக்டர் வந்து போகும்வரை பிர்க்காவில் யாரும் பல் துலக்கக் கூடாது.

முனிலட்சுமிக்கு இது பிடிக்கவில்லை. "பல்ல காப்பாத்தறதுக்குப் பல்ல வெளக்கக் கூடாதா? இதென்னாங்க கூத்து?" என்றார்.

"அவுரு படிச்சவரு. பொஸ்தகத்த வெச்சிக்கிட்டுத்தான் சொல்றாரு."

"பொஸ்தகத்துக்கு வாய் இருக்குதா?"

எல்லப்பன் வாழ்க்கையில் சர்க்கார் அவரிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. வாசலில் தகடு வேறு இருந்தது. அவர் செங்கல் தூள் டப்பாவைப் பரண்மேல் வைத்துவிட்டார்.

முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் எகிறு வீங்கிப் பற்களின்மேல் ஏறி வந்தது. பற்களின் அடியில் மஞ்சளாக ஏதோ படிந்தது. பிறகு வாடை வந்தது. முதலில் அதைச் சொன்னது அவருடைய சொந்த எருதுதான். தண்ணீர் காட்டப் போனவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஜோடி எருது வாங்க வந்த கன்னடக்காரர் ஒருவர் பேரம் படியும் நேரத்தில் பின்னால் நகர்ந்தார். எல்லப்பன் முன்னால் நகர்ந்தார். அவர் இன்னும் பின்னால் நகர்ந்தார். இப்படியே சந்தையின் எல்லை வரைக்கும் போய், அந்த மனிதர் வண்டி ஏறிவிட்டார்.

வீட்டில் முனிலட்சுமியும் பேசும்போது முகத்தைச் சற்று வேறு பக்கம் வைத்துக்கொண்டார். அதை எல்லப்பன் கவனித்துவிட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் குழம்பு வேண்டும் என்பதைக் கையால் காட்டினார். தண்ணீர் வேண்டும் என்பதையும் கையால் காட்டினார். மூன்று பாஷை பேசுகிற மனிதர் ஒரு பாஷையும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முனிலட்சுமி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் போனார் என்பது எல்லப்பனுக்குத் தெரியாது. வாடை தாங்காமல் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியதும் அவர் சூளகிரிக்கு நடந்தே போனார்.

"சாமி, நான் இந்த வேலைய வுட்டுடறேங்க. வேற வாய் பாத்துக்குங்க."

"வாய் ராஜினாமா செய்ய முடியாது, எல்லப்பன். மனிதர்தான் ராஜினாமா செய்யலாம். மனிதரை நாங்கள் நியமிக்கவில்லை."

"அப்போ ஒண்ணு கேக்கறேங்க. அத்திப்பள்ளியில எங்க தங்கச்சி ஊடு இருக்குது. அது மைசூர் ராஜ்யம். அங்க போயி வெளக்கிட்டு வந்துடட்டுமா? ஒங்க உத்தரவு அங்க செல்லாதில்லீங்களா?"

நாராயணப்பன் திகைத்துப் போனார். இதை அவர் யோசித்திருக்கவில்லை. "பல் அங்கே விளக்கப்பட்டாலும் ஈறு இங்கே வசிக்கிறது" என்றார். "ராஜ்யங்களைப் பிரித்தபோது இந்த விஷயத்தை யாரும் தீர்மானிக்கவில்லை. நான் மேலிடத்தில் கேட்டு எழுதுகிறேன். பதில் வரும்வரை போக வேண்டாம்." பேசும்போது அவரும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார். எல்லப்பனின் வாடைக்குப் பயந்துதான் என்று எல்லப்பன் நினைத்தார். தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தார்.

டைரக்டர் வந்தார். பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, நாலா பக்கமும் சாம்பிராணி போட்டிருந்தார்கள். சாம்பிராணி மேடையில் சற்று அதிகமாகவே இருந்தது. நல்ல வேளையாக டைரக்டருக்குக் கடும் ஜலதோஷம். பெரிய கைக்குட்டையோடு அவர் மைக்குக்கு முன்னால் வந்து நின்றார்.

"மகாஜனங்களே, நான் எத்தனையோ பிர்க்காக்களுக்குப் போய் வந்தேன். எங்கு போனாலும் பல் துலக்கிக் காட்டு என்று சொன்னால் ரத்தம். எனக்கே வெறுத்துவிட்டது. இந்தப் பிர்க்காவின் அறிக்கையில்தான் ஒரு சொட்டு ரத்தமும் இல்லை. நாராயணப்பன், இதை எப்படிச் சாதித்தீர்கள்? கூச்சப்படாமல் சொல்லுங்கள்."

நாராயணப்பனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "துலக்குவதை நிறுத்தினோம் ஐயா" என்றார்.

டைரக்டர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "கேட்டீர்களா? எவ்வளவு எளிமை. நாங்கள் சென்னையில் பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ரத்தத்தை எப்படி நிறுத்துவது என்று வருஷக் கணக்கில் யோசித்தோம். ஒரு கிராமத்து அதிகாரி இதைக் கண்டுபிடித்திருக்கிறார். இது எல்லாப் பிர்க்காக்களுக்கும் போக வேண்டும். நோயாளிகள் குறைந்தால் எங்கள் இலாகாவின் வேலையும் குறையும். வேலை குறைந்தால்தான் இலாகாவை விஸ்தரிக்க எங்களுக்கு நேரம் கிடைக்கும்."

கைதட்டினார்கள்.

அடுத்து மாதிரி வாய் மேடைக்கு அழைக்கப்பட்டது. எல்லப்பன் மாலை போட்டுக்கொண்டு ஏறினார். டைரக்டர் ஒரு கஜ தூரத்திலிருந்து, சாம்பிராணிப் புகைக்கு நடுவே அந்த வாயைப் பார்த்து, "பேஷ்" என்றார். ஈறின் பலத்தை ஜனங்களுக்கு நிரூபிக்க ஒரு கரும்புத் துண்டைக் கொண்டுவரச் சொன்னார்.

இது நிகழ்ச்சி நிரலில் இல்லாதது. நாராயணப்பன் எழுந்து, "ஐயா, அது வந்து..." என்றார். டைரக்டர் கையமர்த்தினார்.

எல்லப்பன் கரும்பைப் பார்த்தார். நாராயணப்பனைப் பார்த்தார். பந்தலில் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த முனிலட்சுமியைப் பார்த்தார். முனிலட்சுமி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எல்லப்பன் கடித்தார்.

கரும்பு அப்படியே இருந்தது. பல் கரும்போடு போய்விட்டது. வெள்ளை வெளேரென்று அது கரும்பில் குத்திட்டு நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். எல்லப்பனின் மாலையில் சம்பங்கிப் பூக்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

டைரக்டர் கரும்பை வாங்கினார். பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய பதவிக்கு வருகிறவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில்தான் தங்கள் தகுதியை நிரூபிக்கிறார்கள்.

"மகாஜனங்களே, பார்த்தீர்களா? இனிப்புப் பண்டம் பல்லுக்கு எமன் என்று நான் வாயால் சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா? இந்த மனிதர் தமது பல்லையே கொடுத்து உங்களுக்கு விளக்கியிருக்கிறார். இவர் தியாகி."

எல்லப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கரும்பையும் பல்லையும் பிரிக்காமல் சென்னைப் பொருட்காட்சிக்கு எடுத்துப் போக ஏற்பாடு ஆயிற்று.

எல்லப்பன் ஆடையின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சாமி, அந்தப் பல்லு..." என்றார். முன்பல் போனதால் சொல் காற்றோடு கலந்து வந்தது.

"என்ன சொல்கிறார்?" என்று டைரக்டர் கேட்டார்.

"தங்களுக்கு நன்றி சொல்கிறார் ஐயா" என்றார் ஒரு பஞ்சாயத்து அங்கத்தினர்.

அப்போது முனிலட்சுமி மேடையில் ஏறிவிட்டார். ஏறும் வழக்கம் அந்த ஊர்ப் பெண்களுக்கு இல்லாததால் தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. புருஷனின் கையைப் பிடித்தார்.

"போதும், வாங்க."

"அம்மா, நன்றியுரை இன்னும் பாக்கி இருக்கிறது" என்றார் நாராயணப்பன்.

"நன்றி எல்லாம் நீங்களே வெச்சிக்குங்க சாமி. எனக்கு இவுரு வேணும்."

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் ஓசூருக்குப் போனார்கள். பெங்களூரிலிருந்து வாரம் ஒரு நாள் மெஹபூப் பாஷா என்ற பல் டாக்டர் வந்து பஜார் வீதியில் உட்காருகிறார் என்று முனிலட்சுமி யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். போகும் வழியெல்லாம் எல்லப்பன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்களேன்" என்றார் முனிலட்சுமி.

எல்லப்பன் மூக்கைப் பிடித்துக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"பரவால்ல. பேசுங்க. ஒரு மாசமா நம்ம ஊட்டுல நான் ஒருத்தியேதான் பேசிக்கிட்டு இருக்கேன்."

அவர் திரும்பினார். பேசினார். வாணியம்பாடிக்கு ஓட்டிப்போக வேண்டிய மாடுகளைப் பற்றித்தான் பேசினார். முனிலட்சுமி முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டே வந்தார்.

மெஹபூப் பாஷா ஒல்லியான மனிதர். நிறையப் பேசுகிறவர் இல்லை. வாயைப் பார்த்ததும், "எவ்ளோ நாளா வெளக்கல?" என்று கேட்டார்.

எல்லப்பன் சொன்னார்.

"யார் சொன்னது?"

அதையும் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. "ரத்தம் வருதுன்னா அழுக்கு சேந்திருக்குன்னு அர்த்தம் பாய். வெளக்குறதால வர்றதில்ல. சரியா வெளக்காததால வர்றது. செங்கல் தூள் வேணாம், அது எகிற கிழிக்குது. மெதுவா, காலைல ஒரு தரம், தூங்கப் போறதுக்கு முன்னால ஒரு தரம். பொகையில வேணவே வேணாம். இப்போ நான் சுத்தம் பண்ணுறேன். ரத்தம் வரும். பயப்படாதீங்க."

அவர் கொக்கி போன்ற ஒரு கருவியால் பற்களின் அடியில் கல்லாக இறுகிப் போயிருந்ததைச் சுரண்டி எடுத்தார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். அடுத்த வாரமும் வரச் சொன்னார். போன பல்லைத் திருப்பி வைக்க முடியாது என்றும், மற்றவை நின்றுவிடும் என்றும் சொன்னார். தேசத்தின் நன்மையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் போனபோது வீக்கம் பாதி வடிந்திருந்தது. எல்லப்பன் சைகையை விட்டுவிட்டு முழு வாக்கியமாகப் பேச ஆரம்பித்திருந்தார். டாக்டரின் அறை வாசலில் ஒரு பெஞ்சு. அதில் ஒரு மனிதர் கன்னத்தைச் சுற்றித் தலைக்குமேல் துண்டு கட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் பூசணிக்காய் போல் இருந்தது.

"சாமி, நீங்களா?" என்றார் எல்லப்பன்.

நாராயணப்பன் எழுந்து போகப் பார்த்தார். முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எப்பிடி சாமி?"

"டைரக்டர் வந்து போகும்வரை யாரும் துலக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவன் நான்" என்றார் நாராயணப்பன், துண்டுக்குள்ளிருந்து. "நானே மீறலாமா?"

"டைரக்டரு போயி ஒரு வாரம் ஆச்சேங்க."

"அவர் அதை எல்லாப் பிர்க்காக்களுக்கும் நிரந்தர உத்தரவாக்கிவிட்டுப் போயிருக்கிறார்."

முனிலட்சுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊர்ல ஒருத்தரும் நிறுத்தல சாமி" என்றார். "எல்லாரும் எப்பவும் போல வெளக்கிக்கிட்டுத்தான் இருந்தாங்க. அந்தச் சம்பங்கி தண்டோராப் போடறப்பவே வாயில வேப்பங்குச்சி இருந்திச்சி. நீங்க பாக்கல்லியா?"

அந்தப் பிர்க்கா முழுவதிலும் நாராயணப்பனின் உத்தரவை மதித்து நடந்தவர்கள் இரண்டே பேர். அவர்கள் இருவரும் அப்போது ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள். நாராயணப்பன் எழுந்து, கதவு வரைக்கும் போய், நின்றுவிட்டார். எல்லப்பனும் எழுந்து கூடவே உள்ளே போனார். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, எல்லப்பனுக்குச் சொன்னதையே சொன்னார். இரண்டு வேளை, மெதுவாக, ஈறோரமாக.

"இதெல்லாம் எனக்கு மனப்பாடம் டாக்டர்" என்றார் நாராயணப்பன் ஹீனக் குரலில். "ஊர் ஊராகப் பேசியிருக்கிறேன்."

"அப்ப நல்லதாப் போச்சு" என்று டாக்டர் கொக்கியை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் நாராயணப்பனின் வாய் ரத்தத்தால் நிறைந்துவிட்டது. துப்புவதற்காகப் பக்கத்திலிருந்த பேசினை டாக்டர் காட்டினார். நாராயணப்பன் அதைக் குனிந்து பார்த்தார். வெள்ளைப் பீங்கான். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு, கண்கள் கலங்க, எல்லப்பனை நிமிர்ந்து பார்த்தார்.

எல்லப்பன் அவர் தோளில் கை வைத்தார்.

"துப்புங்க சாமி" என்றார். "இங்க டைரக்டரு இல்ல."